செத்துப்போன பெண்களுக்கு நான் பாடிய பாட்டுகள்

நைனா,

பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு எதற்கு அம்மா இவ்வளவு நீளமாக எழுதி அனுப்புகிறாள் என்று நினைப்பாய். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வந்துவிடுகிறது, அதுதான் காரணம். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள் என்பதும், அப்புறம் கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான் மூச்சு என்பதும் அப்பா சொல்லி உனக்குத் தெரியும். டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். படம் வரைந்து காட்டி நிதானமாகச் சொன்னாள். பாடினதால் வந்ததா, எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் புகையால் வந்ததா என்று அப்பா கேட்டார். "அப்படி ஒண்ணைக் கைகாட்டிச் சொல்ல முடியாதுப்பா" என்றாள். எனக்கும் அவரிடம் அதைத்தான் சொல்லத் தோன்றியது. வந்தது வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் வந்து, "ஆபரேஷனுக்கு முன்னாடி உன் பாட்டெல்லாம் பாடி ரெக்கார்ட் பண்ணி அனுப்புமா" என்று கேட்டாய். மறுபடி கேட்டாய். அப்புறம் உன் முகம் சின்ன வயதில் கோணுவது போலக் கோணிக்கொண்டது. "உன் பாட்ட ஒரு தபாகூட நான் ஒழுங்கா கேட்டதில்லமா" என்றாய். நான் ஃபோனை அப்பா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கோபமென்று எடுத்துக்கொண்டிருப்பாய். கோபம் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டிய பதில் பெரியது, அதைச் சொல்லுமளவுக்கு என் தொண்டையில் இடமில்லை. அதனால் எழுதுகிறேன். நீ ஷிப்யார்டிலிருந்து ரூமுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படி.

நான் பாட ஆரம்பித்தது ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசையில் வெள்ளைத் துப்பட்டா போட்டு நின்று பாடுவது ஒன்றுதான் எனக்கு அப்போது பெருமை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் என்னோடு நிற்பாள், ஆனால் வாயை மட்டும் அசைப்பாள். அவளுக்குப் பாட்டு வராது. என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே சேர்ந்தாள். தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. காமாலை வந்தது. யாரோ சொன்ன பச்சிலையைக் கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அதற்குள் முற்றிவிட்டது. அவளுக்கும் எனக்கும் அப்போது பத்தொன்பது வயது.

அவள் அண்ணன் பம்பாயிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தான். அவன் வரும்வரை உடலை வைத்திருக்க வேண்டியிருந்ததால் சாவு வீடுகளில் பாடுகிற மணி அண்ணன் கோஷ்டியைக் கானா பாட அழைத்திருந்தார்கள். மத்தியான நேரம், தெருவில் சாமியானா, வாசலில் ஸ்டெல்லா, பக்கத்தில் ஐஸ் பாளங்கள் உருகி ஓடிக்கொண்டிருந்தன. கோஷ்டிக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களிடம் இருந்தது அம்மா பாட்டு, அப்பா பாட்டு, தோஸ்து பாட்டு, குடித்துக் கெட்டவன் பாட்டு. கல்யாணமாகாத ஒரு பெண் செத்தால் பாடுவதற்கு ஒன்றும் இல்லை. மணி அண்ணன் வேறு வழியில்லாமல் அம்மா பாட்டை எடுத்துவிட்டார். பத்து மாதம் சுமந்தவளே என்று அவர் பாடப் பாட, ஸ்டெல்லாவின் அம்மா, "எம் பொண்ணு யாரயும் சொமக்கலயே, அதுக்குள்ள போய்ட்டாளே" என்று தரையில் முட்டிக்கொண்டாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து எழுந்து போனேன். "அண்ணே, நிறுத்துண்ணே. இது அவ பாட்டு இல்ல" என்றேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவ பாட்டு இன்னா கீதோ, நீ பாடு தாயி" என்றார். என் வாயை அடைக்கத்தான் சொன்னார். அப்போது கோஷ்டியில் டோலக் வாசித்துக்கொண்டிருந்த பையன் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். உன் அப்பா. எனக்குள் என்ன இருந்ததோ அது அந்தத் தாளத்தில் வெளியே வந்தது.

ஊருக்கெல்லாம் காலர் தச்ச ஸ்டெல்லா
உனக்கொரு ஜாக்கெட்டு தச்சுக்கல நல்லா
பஸ்ஸுக்குத் தலதெறிக்க ஓடுவியே
இன்னிக்கு எந்த பஸ்ஸுல ஏறிட்ட, சொல்லு புள்ள

ஸ்டெல்லாவின் அம்மா தலையை நிமிர்த்தினாள். "ஆமா, ஓடுவா. சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டு ஓடுவா. நான் பின்னாடியே எடுத்துகினு ஓடுவேன்" என்றாள். அந்த டப்பாவை நான் அடுத்த அடியில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி, அவள் மழையில் நனைந்து ஜுரத்தோடு வேலைக்குப் போனதைச் சொன்னாள். அதுவும் பாட்டுக்குள் வந்தது. அண்ணன்காரன் வந்து சேரும்வரை பாடினேன். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நான் பாடியதே இல்லை. உனக்கு எழுதிக்காட்டிய நாலு வரி போக மீதி எனக்கே மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடித்தாள். "ஆம்பளைங்களோட சரிசமமா குந்திகினு சாவுப் பாட்டு பாடுவியா" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். பாடற்குழுவிலிருந்தும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் பல வருஷம் நான் பூசைக்குப் போனால் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று, ஸ்டெல்லாவைப் போல வாயை மட்டும் அசைத்துவிட்டு வருவேன். அந்த வலி இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை நைனா. நான் பாடிய இடங்களிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். அதை விட்டுத்தான் மற்றதெல்லாம் கிடைத்தது.

மற்றது தானாக வந்தது. திருவொற்றியூரிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே வந்து, "எங்க அக்கா பூட்டா. ஸ்டெல்லாவுக்குப் பாடின மாரி வந்து பாடுமா" என்று கையைப் பிடித்தாள். போனேன். அப்புறம் டோல்கேட், எர்ணாவூர், எண்ணூர் என்று ஆள் வர ஆரம்பித்தது. பெண் செத்தால் இவளைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது. மணி அண்ணன் என்னைக் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். அவர் பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை, கூப்பிட்டால் டோலக்கோடு வருவார். சாவு வீட்டுக்குப் போனதும் நான் உடனே பாட உட்கார மாட்டேன். முதலில் அடுப்படிக்குப் போவேன். அங்கேதான் செத்தவளோடு கூடப் புழங்கிய பெண்கள் இருப்பார்கள். அவள் யாரைத் திட்டுவாள், எதற்குச் சிரிப்பாள், கருவாட்டுக் குழம்பில் மாங்காய் போடுவாளா என்றெல்லாம் கேட்பேன். நீயும் யாராவது வீட்டில் துக்கம் என்றால் ஆறுதல் வார்த்தை தேடி அலையாதே. அவங்க எப்படி இருந்தாங்க என்று கேள். பேசிக்கொண்டே அவர்கள் அழுவார்கள், அது போதும்.

எண்ணூரில் ஒரு வீட்டில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். செத்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவள் புருஷன் சொன்னான். "என் பொண்டாட்டிய ராணி மாரி வெச்சிருந்தேன், அப்டியே பாடு" என்றான். அடுப்படிக்குப் போனேன். அவளுடைய தங்கச்சி எதுவும் பேசாமல் தன் கையால் தன் முதுகைத் தொட்டுக் காட்டி, அக்காவுக்கு அங்கே என்ன இருந்தது என்பதைச் சொன்னாள். நான் வந்து உட்கார்ந்து ராணியே என்றுதான் ஆரம்பித்தேன். ராணி முதுகில் ஏனம்மா இத்தனை தழும்பு, ராஜா கையைக் கேளுங்கம்மா என்று இரண்டாவது அடி வந்தது. அவன் பாய்ந்து வந்தான். உன் அப்பா குறுக்கே விழுந்தார். அடி அவர் வாயில் பட்டது. அதற்குள் அந்தத் தங்கச்சியும் தெருப் பெண்களும் எழுந்து வந்து எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவனால் உள்ளே வர முடியவில்லை. தெருவிலிருந்து யாரோ தகவல் சொல்லி, சாயந்திரமே போலீஸ் வந்து உடலைப் பரிசோதனைக்கு எடுத்துப்போனது. மறுநாள் காலையில் அப்பாவின் உதடு வீங்கியிருப்பதைப் பார்த்து நீ ஏன் என்று கேட்டாய். லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார் என்று சொன்னோம். நீ ஓடிப்போய் அவருக்கு ஐஸ் குச்சி வாங்கி வந்தாய்.

சினிமா விஷயம் உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். ஒரு படத்துக்குக் கானா பாட ஆள் தேடிக்கொண்டு இரண்டு பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்டெல்லா பாட்டைக் கேள்விப்பட்டு அதைத்தான் முதலில் கேட்டார்கள். அது ஸ்டெல்லாவுடையது என்றேன். சரி, எங்கள் வரிகளைப் பாடுங்கள் என்று கூட்டிப்போனார்கள். கண்ணாடி ரூமுக்குள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு முழுப் பகல் பாடினேன். பாட்டுக்கு மியூசிக் போட்டவர் எழுந்து வந்து கைகொடுத்தார். படம் வந்த அன்று நம் சந்து முழுக்க ஆட்டோ வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனது. நீ என் மடியில். பாட்டு ஆரம்பித்தது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி, நான் இழுத்த இடத்தில் இழுத்து, வேறு ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. சந்துப் பெண்கள் என் பக்கம் திரும்பாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் பாட்டு முடிகிறவரை என் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, "இன்னும் உன் வாய்ஸ் வரலியாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

வெளியே வந்ததும் மணி அண்ணன், "வுடு தாயி, அவனுங்க அப்டித்தான்" என்றார். அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் விடிந்ததும் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்திலிருந்து ஆள் வந்தது, மீன் வெட்டுகிற ஒரு அம்மா போய்விட்டாள் என்று. முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். செத்துப்போனவள் மட்டும் என்னை எடுத்துவிட்டு இன்னொருத்தியை வைக்கவில்லை.

அப்புறம் நீ பெரியவனானாய். ஹைஸ்கூலில் உன்னைச் சாவுப் பாட்டுக்காரி மகன் என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரை அடித்துவிட்டு, சட்டை கிழிந்து வந்து நின்றாய். "இனிமே ஸ்கூல் பக்கம் நீ வராதமா, அப்பாவ அனுப்பு" என்றாய். நான் வரவில்லை. நான் வீட்டில் ட்யூன் முணுமுணுத்தால் நீ காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போவாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் முகம் கோணியதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அதைத் தூக்கிப் போடு. நீ அப்போது பதினாலு வயதுப் பிள்ளை. தினம் காலையில் அந்த ஸ்கூல் கேட்டுக்குள் போக வேண்டியவன் நீ, நான் இல்லை. உன் காதைப் பொத்திய கையை நான் ஒரு நாளும் தப்பாக நினைத்ததில்லை. ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகி, கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் அத்தனை பெரிய இரும்புக்கு நடுவில் நின்று வேலை செய்கிறாய். அந்தச் சத்தத்தில் உன் காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்பதுதான் எனக்கு இப்போதிருக்கிற கவலை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் ரெக்கார்ட் பண்ண மாட்டேன் என்பதற்குக் காரணம் ஒன்றுதான். என்னிடம் பாட்டு இல்லை. நான் பாடியதெல்லாம் ஒவ்வொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்காகக் கட்டி, அவளோடு அனுப்பிவிட்டது. அவளுடைய அக்கா தங்கச்சிகள் முன்னால் இல்லாமல், ஒரு அறையில் ஃபோனைப் பார்த்துப் பாடு என்றால் எனக்கு வாயே வராது. அப்படிப் பாடிப் பார்த்தேன். திங்கட்கிழமை மத்தியானம் நீ கேட்டாயே என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் வெறும் இருமல்.

கடைசியாகப் பாடியது போன மாதம். டாக்டரம்மா தொண்டையை அலட்டக்கூடாது என்று சொல்லியிருந்தாள். நம் சந்துமுனையில் மீன் விற்பாளே கன்னியம்மா, அவள் போய்விட்டாள். அவள் மகள் தேவி கதவைத் தட்டி, "அக்கா, உனுக்கு ஒடம்பு செரியில்லன்னு தெரியும். ஆனா உன்ன வுட்டா எங்க அம்மாவுக்கு யாரு கீறா?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சேலையை மாற்றிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை தடுக்காமல் டோலக்கை எடுத்துக்கொண்டார். முட்டி வலியோடு எனக்கு முன்னால் நடந்தார்.

அடுப்படியில் கேட்டுக்கொண்டு வந்து அவளைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கன்னியம்மாவின் தராசைப் பற்றி, கடன் கேட்டால் திட்டிக்கொண்டே இன்னும் ஒரு மீனை அள்ளிப் போடுவதைப் பற்றிப் பாடினேன். மூன்றாவது அடியிலேயே குரல் கிழிந்தது. தண்ணீர் குடித்தேன். மறுபடி எடுத்தேன். காற்றுதான் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சாவு வீட்டில் நான் பாதியில் நின்றது அதுதான் முதல் முறை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது தேவி பேச ஆரம்பித்தாள். அவளுக்கு ராகமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "எங்க அம்மா வெடிகாலைல காசிமேடு போவும். நான் எயும்பறதுக்குள்ள போவும். தலவாணிகிட்ட ரெண்டு பன்னு வெச்சிட்டுப் போவும்" என்றாள். டோலக் அடி அவள் பேச்சுக்கு இடம் விட்டு விழுந்தது. அவள் அண்ணி, "எனுக்குப் பிரசவமானப்ப சுறாப்புட்டு செஞ்சு கொண்டாந்துச்சு" என்றாள். ஒருத்தி முடித்ததும் இன்னொருத்தி. யாரும் பாடவில்லை. ஆனால் தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி வருகிறவரை கன்னியம்மாவைப் பற்றி அந்தத் தெரு பேசி முடிக்கவில்லை. நான் தேவியின் தோளில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. குரல் போனதற்கா, கன்னியம்மாவுக்கா, தெரியவில்லை. நான் இல்லாமலும் அவளை நல்லபடியாக அனுப்பிவிட்டார்களே என்பதில் ஒரு வலியும் இருந்தது நைனா. பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வரும் வழியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அப்பா இப்போது ரொம்ப மாறிவிட்டார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன், இப்போது காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார். தண்ணி லாரி வந்தது, பூனை குட்டி போட்டது, எல்லாவற்றையும் சொல்கிறார். ஏன் இப்படி என்று கேட்டேன். "இனிமே வூட்ல பேச்சு பூரா நான்தானே பேசணும். பழகிக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

உனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். அப்பாதான் நேற்றுக் காலை ஃபோனைப் பிடித்துக்கொண்டார். அது பாட்டில்லை. "ஏந்திரி நைனா, மணியாவுது. தண்ணி வந்துடுச்சு, பல்லு வெளக்கு. இன்னா இன்னும் தூக்கம்?" என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒரு இருமல் இருக்கிறது, அதை வெட்டத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கொடுத்த குரல் ஒன்று. இது உனக்கு மட்டும் தினம் வந்த குரல். இதை நீ காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது முறை கத்தினால்தான் எழுவாய், அவ்வளவுதான்.

லீவு போட்டுக்கொண்டு இப்போதே ஓடி வராதே. ஆஸ்பத்திரியில் உன்னை வெளியேதான் உட்கார வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வா, அதற்குள் கழுத்துத் துளையெல்லாம் எனக்குப் பழகியிருக்கும். முதல் முறை பார்க்கும்போது பயந்துவிடாதே, பயந்தாலும் பரவாயில்லை, மறைக்காதே. அதுவரை ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல ஃபோன் பண்ணு. அப்பா எடுத்து என் காதில் வைப்பார். சாப்பாடு, ரூமில் இருக்கிற பையன்கள், எந்தக் கப்பல் வந்தது, எல்லாவற்றையும் சொல்லு. பதில் வரவில்லையே என்று சீக்கிரம் வைத்துவிடாதே.

உன் அம்மா